பாலைவனக் குளத்துக்குத் தருவது தருமமா, கடனா?



ஒரு கேள்வியோடு தொடங்கலாம். ஒரு நாட்டில் மக்களுக்கே தண்ணீர் போதவில்லை. தலைநகரத்தில் பல வீடுகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் குழாயில் தண்ணி வருது; அன்றைக்கே மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதே நாட்டில், பாலைவனத்தின் நடுவே, மீனுக்கும் பறவைக்கும் எருமைக்கும் என்று மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக் குளத்தில் விடுகிறார்கள். இது நியாயமா?

"மனுஷனுக்கு மிஞ்சித்தானே மற்றதெல்லாம்" என்று சிலர் சொல்வீர்கள். "பாவம், வாயில்லா ஜீவன்கள், கொடுத்தால் என்ன?" என்று வேறு சிலர் சொல்வீர்கள். இரண்டு பதிலும் நல்ல மனதிலிருந்து வருபவைதான். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. அந்தத் தண்ணீர் முதலில் யாருடையது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அஸ்ராக் எனும் நீலம்

நான் சொல்வது கற்பனை ஊர் இல்லை. ஜோர்டான் நாட்டின் கிழக்குப் பாலைவனத்தில், தலைநகர் அம்மானிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் அஸ்ராக் என்ற சிற்றூர் இருக்கிறது. (அம்மான் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குத் தாய்மாமன் ஞாபகம் வரும், அங்கே இருந்த ஒன்பது நாளும் எங்கள் குழுவில் இந்த நகைச்சுவை ஓயவே இல்லை.) அரபு மொழியில் அஸ்ராக் என்றால் நீலம். சுற்றிலும் கருங்கல்லும் மண்ணும் மட்டுமே தெரியும் இடத்துக்கு ஏன் நீலம் என்று பெயர்? ஒரு காலத்தில் அங்கே நீலமாக விரிந்து கிடந்த நீர்நிலைகள்தான் காரணம்.

சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கான ஒரு பரிமாற்றப் பயணத்தில் எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். அஸ்ராக் ஈரநிலக் காப்பகம் 1978இல் அமைக்கப்பட்டது. ஜோர்டானின் அரச இயற்கைப் பாதுகாப்புக் கழகம் அதைப் பராமரிக்கிறது. உள்ளே போனால் மரப்பலகை நடைபாதை, இரண்டு பக்கமும் ஆள் உயர நாணல், நடு நடுவே குளங்கள். மண்கட்டிச் சுவர் எழுப்பிய ஒரு சிறு மறைவிடம். அதன் திட்டி வழியாக எட்டிப் பார்த்தால் வாத்தும் கொக்கும் நீண்ட சிவப்புக் கால் கொண்ட நெடுங்கால் உள்ளானும் நம் இருப்பே தெரியாமல் மேய்ந்துகொண்டிருக்கும். கொஞ்ச தூரத்தில் எருமைகள். ஆமாம், பாலைவனத்தில் எருமை! நாணல் மண்டி நீரை அடைத்துவிடாமல் மேய்ந்து திறந்து வைப்பது அவற்றின் வேலை.

நாங்கள் போன மார்ச் மாதத்தில் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பயணம் போகும் பறவைகள் வந்து இறங்கியிருந்தன. பல நூறு கிலோமீட்டர் பாலைவனத்தைத் தாண்டி வரும் ஒரு சிறு பறவைக்கு அந்தக் குளம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் அடுத்த ஓய்வு நிறுத்தம் இருக்கும் என்று நம்பிக் காடி ஓட்டுகிறோம், அது மூடிக் கிடந்தால் எப்படி இருக்கும்? நமக்கு எரிச்சல்தான் வரும். பறவைக்கு உயிரே போய்விடும்.

அழகான இடம். சந்தேகமே இல்லை. ஆனால் நடைபாதையில் பாதி தூரம் போனபோது எங்கள் வழிகாட்டி ஒரு குழாயைக் காட்டினார். "இந்தக் குளத்துக்குத் தண்ணீர் இதில்தான் வருகிறது. ஊற்று செத்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது" என்றார்.

ஊற்று எப்படிச் செத்தது?

அஸ்ராக்கில் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. கோலாலம்பூரில் ஒரே மாதத்தில் அதைவிட அதிகமாகப் பெய்துவிடும். அப்படியானால் அந்தக் குளங்கள் எப்படி உண்டாயின? வடக்கே, தெற்குச் சிரியாவில் ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பெய்யும் மழையும் பனியும் எரிமலைப் பாறையின் பிளவுகளில் இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே நெடுங்காலம் நகர்ந்து, தாழ்வான அஸ்ராக்கில் ஊற்றாக வெளியே வருகின்றன. 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரு நிலப்பரப்பின் நீர் போய்ச் சேரும் கிண்ணம் அது.

அந்தக் கிண்ணத்தில் மனிதன் தண்ணீர் குடித்த கதை மிகப் பழையது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே கிடைத்த சுமார் 250,000 ஆண்டு பழமையான கற்கருவிகளில் வாத்து, குதிரை, ஒட்டகம், காண்டாமிருகம் ஆகியவற்றின் புரத எச்சங்கள் ஒட்டியிருப்பதைக் காட்டியது. அவ்வளவு பழைய காலத்திலேயே யாரோ அங்கே உட்கார்ந்து வாத்துக்கறி வெட்டியிருக்கிறார்கள்!

இருபதாம் நூற்றாண்டில் அங்கே இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்றில் சிரியாவிலிருந்து வந்த துரூஸ் மக்கள் உப்பு எடுத்தார்கள். இன்னொன்றில் காக்கேசிய மலையிலிருந்து வந்த செச்சென் மக்கள் மீன் பிடித்து, எருமை வளர்த்துப் பிழைத்தார்கள். 1967 பிப்ரவரி 2ஆம் நாள் கணக்கெடுத்தபோது அங்கே இருந்த பறவைகள் 347,000.

பிறகு நகரம் வளர்ந்தது. அம்மானுக்குத் தண்ணீர் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அஸ்ராக்கில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, குழாய் போட்டுத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். அதோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் விவசாயத்துக்கு என்று நூற்றுக்கணக்கான கிணறுகள் வந்தன. அனுமதி உள்ளவை, இல்லாதவை இரண்டும். பாலைவனத்தில் ஒலிவத் தோட்டங்கள் பச்சையாக நின்றன.

நீரியல் கணக்கு ரொம்ப எளிமையானது. அந்த நிலத்தடி நீரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 24 மில்லியன் கனமீட்டர் வரை எடுத்தால் இயற்கை அதைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். எடுத்ததோ 50 மில்லியனுக்கும் மேல். சம்பளம் 2,400 ரிங்கிட், செலவு 5,000 ரிங்கிட் என்றால் சேமிப்பு என்ன ஆகும்? அதேதான் ஆனது. நீர்மட்டம் இறங்கியது. 1992இல் ஊற்றுகள் நின்றன. ஒரு மனிதனின் வேலைக்காலம் கூட முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். 2000ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 2ஆம் நாள் எண்ணிப் பார்த்தபோது இருந்த பறவைகள் 1,200.

இதில் வில்லன் யார்? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அம்மானில் குழாயைத் திறந்து குழந்தைக்குப் பால் கலக்கிய தாய் வில்லி இல்லை. கிணறு தோண்டிய விவசாயியும் தன் குடும்பத்தைத்தான் பார்த்தான். குழாய் போட்ட இன்ஜினியர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள்; நாளைக்கு நானும் செய்யப்போகும் வேலை அது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லா நல்ல காரணங்களும் சேர்ந்து ஊற்றைக் கொன்றன. அறச் சிக்கல்களில் மிகக் கடினமானது இப்படிப்பட்டதுதான், இல்லையா? கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

குழாயில் வாழும் சோலை போலியா?

1994இல் மீட்பு வேலை தொடங்கியது. பழைய ஈரநிலத்தில் சுமார் பத்து விழுக்காட்டையாவது திரும்பக் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தார்கள். அதற்காக ஆண்டுக்கு 1.5 முதல் 2.5 மில்லியன் கனமீட்டர் வரை தண்ணீர் விடுவது என்று பேச்சு. அப்படி உருவானதுதான் நாங்கள் நடந்து பார்த்த குளம்.

குழாயைப் பார்த்ததும் என்னோடு வந்த நண்பன் ஒருவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இது உண்மையான ஓயசிஸ் இல்லையாடா? சும்மா ஒரு பெரிய மீன்தொட்டியா?" என்றான்.

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் இயற்கையைப் பார்க்கக் கட்டணம் கட்டி வருகிறார்கள். மோட்டாரை நிறுத்தினால் நின்றுபோகும் ஒன்றை இயற்கை என்று காட்டுவது ஏமாற்று இல்லையா?

என் பதில் இது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் நின்றால் அவர் இல்லை. அதற்காக அவரைப் போலி மனிதர் என்போமா? அவர் சிரிப்பது உண்மை, பேரனைத் திட்டுவதும் உண்மை. அதுபோல அந்தக் குளத்துக்கு வரும் தண்ணீர் குழாய் வழியாக வருகிறது. ஆனால் இறங்கும் பறவை உண்மையானது, அதன் தாகமும் உண்மையானது. நம் நாட்டிலும் டெங்கிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பாயா இண்டா ஈரநிலத்தைப் பாருங்கள். பழைய ஈயலம்பக் குட்டைகள்தான் இன்று ஏரிகளாகி, தாமரை பூத்து, பறவைகள் கூடும் இடமாகியிருக்கின்றன. மனிதன் தோண்டிய குழி என்பதால் அங்கே நீந்தும் மீன் போலியாகிவிடவில்லை.

ஆக, செயற்கை என்பது குற்றம் இல்லை. ஆனால் டயாலிசிஸில் இருப்பவரைப் பார்த்து "பூரண குணமாகிவிட்டார்" என்று சொன்னால் அதுதான் பொய். இந்த வகைப் பூங்காக்களின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பத்து விழுக்காட்டைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு, மிச்சம் தொண்ணூறை மறந்துவிடுவோம். "பாருங்கள், எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்ற நிம்மதியோடு பஸ் ஏறுவோம். காப்பகத்துக்காரர்கள் நேர்மையானவர்கள், ஊற்று நின்ற கதையை அவர்களே வெளிப்படையாகச் சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள். கேட்கிற காது நம்மிடம் இருக்க வேண்டும்.

மீனா, மனிதனா?

இனி முக்கியமான எதிர்வாதத்துக்கு வருவோம். அதே நண்பன் பஸ்ஸில் கேட்டான்: "சரிடா, மீன் பாவம்தான். ஆனா இங்க மனுஷனுக்கே தண்ணி இல்ல. அந்தத் தண்ணிய குழந்தைங்களுக்குக் கொடுக்கலாம்ல?"

இதை அதன் முழு வலுவோடு பார்க்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 500 கனமீட்டருக்கும் குறைவாக நீர்வளம் இருந்தால் அதை முழுமையான நீர்ப்பஞ்சம் என்பார்கள். ஜோர்டானில் அது 100 கனமீட்டருக்கும் குறைவு. போதாததற்கு, சிரியாவில் போர் மூண்ட பிறகு பல லட்சம் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். 2014இல் அஸ்ராக் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அகதி முகாம் திறக்கப்பட்டது. ஊற்றுக்கு வரும் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அதே திசையிலிருந்துதான் அந்த மக்களும் வந்தார்கள். வீட்டை இழந்து வந்த ஒரு பிள்ளையின் முன்னால் நின்றுகொண்டு "மீனுக்கும் உரிமை உண்டு" என்று பேசுவது எளிதா? தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்கும் மீனுக்கும் இடையே ஒரே ஒரு குவளைத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், நான் பிள்ளைக்குத்தான் கொடுப்பேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் உண்மையில் அந்த ஒரே குவளை என்ற நிலைமையா இருக்கிறது? கணக்குப் பார்ப்போம்.

குளத்துக்கு என்று பேசப்பட்ட அளவு, அந்த நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாது. எடுக்கப்படுவதில் பெரும்பங்கு யார் தொண்டைக்கும் போவதில்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. இன்னொன்று: ஜோர்டானில் குழாய்களில் ஏற்றப்படும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி கணக்கில் வராமலே போகிறது. கசிவு, திருட்டு, ஓடாத மீட்டர் எல்லாம் சேர்த்து. சிரிக்காதீர்கள், நம் நாட்டில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இவ்வளவு மழை பெய்யும் நாட்டில், சுத்திகரித்து அனுப்பும் மூன்று வாளித் தண்ணீரில் ஒரு வாளிக்கு மேல் பில் போடும் இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

அப்படியானால் பிள்ளையின் கையிலிருந்து குவளையைப் பிடுங்கியது மீன் இல்லை. துருப்பிடித்த குழாய் பிடுங்கியது. மீட்டர் இல்லாத கிணறு பிடுங்கியது. வறண்ட மண்ணில் எந்தப் பயிர் வைக்கலாம் என்று யோசிக்காத திட்டம் பிடுங்கியது. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, ஐந்து சென்டிமீட்டர் மீனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறோம். ஏன் தெரியுமா? மீன் வக்கீல் வைக்காது. கசிவைச் சரிசெய்யப் பணம் வேண்டும், கிணற்றை மூடத் துணிச்சல் வேண்டும். மீனைக் கைவிட எதுவுமே வேண்டாம்.

"மீனா, மனிதனா?" என்று யாராவது கேட்டால், உடனே பக்கம் சேர்ந்துவிடாதீர்கள். "மிச்சத் தண்ணி எங்கே போகுது?" என்று முதலில் கேளுங்கள். பல நேரங்களில் அந்தக் கேள்வியே தப்பாகப் போடப்பட்ட கேள்வியாக இருக்கும்.

அந்த மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அஸ்ராக் கில்லி மீன் உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. விரல் நீளம்தான். ஆண் மீனின் உடம்பில் கறுப்பும் வெள்ளியுமாகப் பட்டைகள். ஊற்று நின்றபோது அந்த இனமே முடிந்தது என்ற நிலைமை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, எஞ்சியிருந்த சில மீன்களைப் பிடித்து, தனியாக வளர்த்துப் பெருக்கி, மறுபடியும் குளத்தில் விட்டார்கள். அதைக் கறி வைக்க முடியாது, விற்க முடியாது. அது இல்லாமல் போனால் அம்மானில் யாருக்கும் எதுவும் குறையாது. ஆனால் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வேறு வழி தேட முடியும். செலவு ஆகும், சிரமம் ஆகும், ஆனால் முடியும். 2013இல் தெற்கே டிசி என்ற இடத்திலிருந்து 325 கிலோமீட்டர் குழாய் போட்டு அம்மானுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே! மீனுக்கு அப்படி இன்னொரு குளம் இல்லை. ஒரு பக்கம் சிரமம், இன்னொரு பக்கம் முற்றான அழிவு என்றால், சிரமப்பட முடிந்தவன்தான் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். வீட்டில்கூட அப்படித்தானே? வலுவான பிள்ளையிடம்தான் "நீ கொஞ்சம் பொறுத்துக்கோப்பா" என்று அம்மா சொல்வார்.

தருமமும் கடனும்

இப்போது முதலில் விட்ட கேள்விக்கு வருகிறேன். குளத்துக்கு விடும் தண்ணீர் தருமமா, கடனா?

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதும் கடன். செய்தே ஆக வேண்டிய கடமையும் கடன். காலைக்கடன் என்கிறோம், பெற்ற கடன் என்கிறோம். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பல கடமைகள் நாம் ஏற்கெனவே எதையோ பெற்றுக்கொண்டதால்தான் வருகின்றன.

தருமத்துக்கும் கடனுக்கும் என்ன வித்தியாசம்? தருமம் என்றால் அளவைக் கொடுப்பவன் முடிவு செய்கிறான். இந்த மாதம் முடிந்தால் போடலாம், முடியாவிட்டால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்லலாம். கொடுத்தால் நன்றி எதிர்பார்க்கலாம். கடன் அப்படி இல்லை. அளவு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தவணை தவறினால் தவறியவன்தான் தலைகுனிய வேண்டும். திருப்பிக் கொடுத்ததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

அஸ்ராக் குளத்துக்குப் பேசப்பட்ட தண்ணீர் ஆண்டுதோறும் முழுமையாக வந்ததில்லை. பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது குளத்தின் பங்குதான். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்தது. அதை எல்லாரும் தருமமாகத்தான் நினைக்கிறார்கள். "நம்ம தண்ணியில கொஞ்சம் மீனுக்கும் கொடுக்கிறோம்" என்ற நினைப்பு. ஆனால் கதையைத் திருப்பிப் பாருங்கள். நகரத்தின் தண்ணீரைக் குளம் கேட்கவில்லை. குளத்தின் தண்ணீரை நகரம் எடுத்துக்கொண்டது. எடுத்ததில் ஒரு சிறு பகுதிதான் இப்போது திரும்பி வருகிறது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் எல்லாரும் சின்ன வயதிலேயே தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவன் கொடுத்தது தன் சொந்தத் தேர். அந்தக் கொடி தவித்ததற்கு அவன் காரணமும் இல்லை. அதனால் அது ஈகை. ஒருவன் அந்தக் கொடி படர்ந்திருந்த கொம்பை வெட்டி எடுத்துப்போய் அடுப்பெரித்துவிட்டு, பிறகு வந்து ஒரு குச்சியை நட்டு வைத்தால் அதற்குப் பெயர் ஈகையா? அது ஈடு. அதுவும் குறைவான ஈடு.

ஒரு மறுப்பு வரலாம். "குளம் நமக்குக் கடன் கொடுத்ததா? கையெழுத்துப் போட்டதா? அதற்கு எதுவும் தெரியாதே!" என்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு வீட்டில் தாய் தகப்பன் இறந்துபோய், இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பணம் வைத்துவிட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்கு வயது இருபது, இளையவன் கைக்குழந்தை. மூத்தவனுக்குத் திடீரென்று கடுமையான நோய். தம்பியின் பங்கை எடுத்து வைத்தியம் பார்த்துப் பிழைத்தான். எடுத்தது தப்பா? இல்லை, உயிர் போகும் நேரம். கைக்குழந்தை கடன் கொடுத்ததா? இல்லை, அதற்குப் பணம் என்றால் என்னவென்றே தெரியாது. அப்படியானால் அண்ணன் திருப்பித் தர வேண்டியதில்லையா? நிச்சயமாகத் தர வேண்டும்! தம்பிக்குக் கேட்கத் தெரியாது என்பதாலேயே இன்னும் கவனமாகத் தர வேண்டும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. நம் தேவை நமக்கு எடுத்துக்கொள்ள அனுமதி தரலாம். ஆனால் தேவை நம்மைச் சொந்தக்காரன் ஆக்கிவிடாது. தாகத்தால் எடுத்த தண்ணீர் நியாயமாக எடுத்த தண்ணீராக இருக்கலாம். இருந்தாலும் கடன் கணக்கில் அது நிற்கும்.

அப்புறம், அந்தக் கடனை யார் கட்டுவது? அம்மானில் ஒரு வாளித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஏழையா? அவர் கட்ட வேண்டும் என்று சொல்வது கொடுமை. அவர் எடுத்தது உயிருக்காக. எடுத்ததில் யாருக்கு வசதி மிஞ்சியதோ, லாபம் மிஞ்சியதோ, அவர்களிடமிருந்துதான் கடன் வசூல் தொடங்க வேண்டும். கசியும் குழாயை வைத்திருக்கும் நிர்வாகத்திடமிருந்தும் தொடங்கலாம். ஏழையின் பங்கை எல்லாரும் சேர்ந்து, அரசாங்கத்தின் வழியாகச் சுமக்க வேண்டும். அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட கடன்களைச் சுமக்கத்தான்.

நமக்கு இதில் என்ன?

"அது எங்கேயோ ஜோர்டான்ல நடக்குது, நமக்கென்ன?" என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே தினமும் மாலையில் மழை கொட்டுகிறது, உண்மைதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பங்கு பகாங்கிலிருந்து, தித்திவாங்சா மலைத்தொடரைக் குடைந்து அமைத்த 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வருகிறது. ஓர் ஆற்றின் தண்ணீர் மலையைத் தாண்டி இன்னொரு மாநிலத்துக்கு வருகிறது! இன்ஜினியரிங் மாணவனாக அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமையோடு இந்தக் கேள்வியும் சேர்ந்து வர வேண்டும்: அந்த ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கும் வாழ்பவற்றுக்கும் நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

தண்ணீர் வெட்டு வரும்போது மட்டும்தான் நாம் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். "எப்போ வரும், லோரி எங்கே நிக்குது" என்று தகவல் பரிமாறிக்கொள்கிறோம். தண்ணீர் வந்ததும் மறந்துவிடுகிறோம். அஸ்ராக்கில் ஊற்று ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர்மட்டம் இறங்கியது. அளந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தவரை கேட்க யாருக்கும் அவசரம் இல்லை.

என்னைப் போல இன்ஜினியரிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பம்ப் எவ்வளவு தண்ணீரை எத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் என்று கணக்குப் போடச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பம்பை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அஸ்ராக்கில் தண்ணீரை எடுத்ததும் பம்ப்தான், இன்று குளத்துக்குத் திருப்பிக் கொடுப்பதும் பம்ப்தான். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. எடுக்கிறோமா, கொடுக்கிறோமா என்ற வித்தியாசம் சுவிட்ச் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்குத்தான் தெரியும். நாளைக்கு ஒரு திட்ட அறிக்கையில் உங்கள் பெயர் வரும்போது, "எவ்வளவு எடுக்கலாம்" என்ற பத்திக்குக் கீழே "எவ்வளவு திருப்பித் தர வேண்டும், யார் தருவார்கள்" என்று இன்னொரு பத்தியையும் சேருங்கள். கேட்கச் சொல்லி யாரும் உத்தரவிட மாட்டார்கள். நீங்களே சேர்க்க வேண்டும்.

இன்ஜினியர் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் தாமானில் சாலை ஓரம் குழாய் கசிந்தால் புகார் கொடுங்கள். யாராவது கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் ஓர் ஈரநிலத்துக்கோ ஏரிப் பூங்காவுக்கோ போனால், படம் எடுத்து முடித்ததும் அங்கே இருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" பதில் சில நேரம் மழை என்று வரும், சில நேரம் குழாய் என்று வரும். இரண்டில் எது வந்தாலும், நீங்கள் அந்தக் குளத்தை அதற்குப் பிறகு பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

கடன்பட்டவன் என்று உணர்ந்தால் மனம் சோர்ந்துபோக வேண்டியதில்லை. தருமம் செய்கிறேன் என்று நினைப்பவனுக்குக் கை கொஞ்சம் மேலே நிற்கும், கணக்கு மறந்துபோகும். கடன் கட்டுகிறேன் என்று நினைப்பவன் தவணையை மறக்க மாட்டான். குளத்துக்கும் மீனுக்கும் பறவைக்கும் நம்மிடமிருந்து வேண்டியது அந்த இரண்டாவது ஆளைத்தான். அப்படிப்பட்ட ஆட்களாக நாம் இருக்க முடியுமா என்று சேர்ந்து சிந்திப்போம்.